நல்ல தண்ணிக் கடலும் பழவேற்காட்டு முகத்துவாரமும்

1

பயத்தைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஏரியைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

எங்கள் பங்குச் சாமியார் கேட்டது நாலு பக்கம்தான். "ஆண்டவர் நடந்த தண்ணியாச்சேம்மா. அது எப்படி இருக்கும், சுத்தி என்னென்ன கோவில் இருக்குன்னு எழுதினா நம்ம ஜனங்க படிச்சு சந்தோஷப்படும்" என்று திருவிழா மலருக்காகக் கேட்டார். மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் ஏரியின் நீள அகலத்தில் ஆரம்பித்து சைரனில் போய் முடிந்தது. அதனால் இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலருக்கு ஆகாது என்றால் சாமியார் எடுத்து ஓரமாக வைத்துவிடட்டும்.

என் பெயர் பிலோமினா. பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. வீட்டுக்காரர் சவரிமுத்து பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள் ஜெனி, பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். நான் இஸ்ரேலில் திபேரியா என்ற ஊரில், ஏலி என்ற எண்பது வயது கடந்த ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, சக்கர நாற்காலியில் வைத்து ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. இந்த மழைக்காலத்தோடு எட்டு வருடம் ஆகிறது. நான் விமானம் ஏறியபோது ஜெனி ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

2

ஏலியின் வீட்டுப் பால்கனியில் நின்றால் ஏரி முழுவதும் தெரியும். நம் ஏரியைப் போல் ஆந்திராவுக்குள் போய்க் கண்ணுக்குத் தப்பிவிடாது. எதிரே அக்கரை மலை. வடக்கே வெகு தூரத்தில், குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும் பெரிய மலை. அந்தப் பக்கமிருந்து யோர்தான் ஆறு வந்து ஏரிக்குள் விழுந்து, தெற்கே மறுபடி ஆறாகி வெளியேறுகிறது. கலிலேயாக் கடல், திபேரியாக் கடல், கெனேசரேத்து ஏரி என்று பூசையில் வெவ்வேறு பெயரில் கேட்டதெல்லாம் இந்த ஒரே தண்ணீர்தான். யூதர்கள் கின்னெரெத் என்கிறார்கள். கோவில் பாட்டில் கின்னரம் என்று வருமே, அந்த யாழின் வடிவில் இருப்பதால் வந்த பெயர் என்று சொல்கிறவர்கள் உண்டு.

இந்த ஏரி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. நம் லைட்ஹவுஸ் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் கடல் மட்டத்தைத் தொடும். சுற்றி மலை, நடுவே பள்ளம். மத்தியானம் தாண்டியதும் மேற்கேயிருந்து காற்று மலை இறங்கி வரும். கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் கால் மணி நேரத்தில் படகைத் தூக்கிப் போடும். படகில் இருந்தவர்கள் பயந்து ஆண்டவரைத் தட்டி எழுப்பிய கதையைச் சின்ன வயதில் கேட்கும்போது, மீன் பிடிக்கிறவர்கள் இதற்குப் போய் இப்படி அலறுவார்களா என்று நினைத்திருக்கிறேன். அந்தக் காற்றை ஒரு தரம் பார்த்தபின் அப்படி நினைப்பதில்லை.

போய்ச் சேர்ந்த முதல் நாள் ஏலியின் மகன் என்னைக் கரைக்குக் கூட்டிப்போய் "இதுதான்" என்றார். நான் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். கடல் என்றே கேட்டு வளர்ந்தவள். நாக்கு உப்புக்குத் தயாராக இருந்தது. உப்பே இல்லை, நல்ல தண்ணி. ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது. அவர் பதறிப்போய், குடிக்காதே, வயிற்றுக்கு ஆகாது என்று சைகை காட்டினார்.

பாஷை தெரியாமல் பட்ட பாடு தனி. முதல் வாரம் ஏலி "தாக், தாக்" என்பார். தாகம் என்கிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோவேன். டம்ளரைத் தட்டிவிடுவார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பாஷையில் தாக் என்றால் மீன். மீன்காரன் மகள் மூன்று நாள் மீன் கேட்டவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அங்கே பெரிய பேர் வாங்கிய மீன், ஆண்டவரின் சீடர் பேதுருவின் பெயரில் இருக்கும் இராயப்பர் மீன். வெளிநாட்டு யாத்திரிகர்கள் அதற்காக வரிசையில் நிற்கிறார்கள். தட்டில் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத ஜிலேபிக் கெண்டையேதான்.

யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். கப்பர்நகூமில் கறுப்புக் கல்லால் கட்டிய பழைய சுவர்களை இராயப்பர் வீடு என்று காட்டி, அதற்கு மேலேயே கோவில் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் யூதர்களின் இடிந்த ஜெபக்கூடம். அப்பம் பெருகிய இடத்துக் கோவிலில், தரையில் சின்னச் சின்னக் கல் பதித்து இரண்டு மீனும் ஒரு கூடையும். திபேரியாவிலேயே யூத ஞானிகளின் கல்லறைகள் உண்டு. பெண்கள் கல்லில் நெற்றியை வைத்து அழுவார்கள். என் மனதுக்கு நெருக்கமானது ஒரு படகு. மழை பொய்த்து ஏரி வற்றிய ஒரு வருடம் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்தது. ஆண்டவர் காலத்துப் படகு என்று கண்ணாடிக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கை கூப்பி நின்றார்கள். நான் பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு மரம். படகுக்காரன் கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறான். வீட்டில் எத்தனை பேர் கரையில் நின்று அந்தப் படகுக்காகப் பயந்தார்களோ என்றுதான் தோன்றியது.

அந்த நாட்டுக்கே அந்த ஏரியைப் பற்றி ஒரு பயம் உண்டு. அடியில் உப்பு ஊற்றுகள் இருக்கின்றன. தண்ணீர் இறங்கினால் உப்பு ஏறிவிடும். இதற்குக் கீழே போகக்கூடாது என்று சிவப்புக் கோடு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஏலி வாலிபத்தில் யாத்திரிகர் படகுகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி நீர்மட்டம்தான். ஏறியிருக்கிறது என்றால் கஞ்சி குடிப்பார். இறங்கியிருக்கிறது என்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கஞ்சி இறங்க வேண்டுமே என்று சில நாள் பொய் சொல்லியிருக்கிறேன்.

3

பொய் அவரோடு நிற்கவில்லை.

ராக்கெட் வருகிறது என்று எச்சரிக்கும் முதல் சைரன் ஒரு மத்தியானம் வந்தது. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மாடு கத்துவது போல் கீழே ஆரம்பித்து மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். புதுக் கட்டிடங்களில் இதற்கென்று கெட்டிச் சுவர் வைத்த அறை இருக்கும். ஏலியின் வீடு பழசு. மாடிப்படிக்கு ஓட வேண்டும், அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஏலி என் கையைத் தள்ளி "லெகி, லெகி" என்று கத்தினார். போ, போ என்று அர்த்தம். தன்னை விட்டுவிட்டு ஓடச் சொல்கிறார். என்னால் அவரைத் தூக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை. நாற்காலியோடு இழுத்து, குளியலறைக்கு முன்னால் ஜன்னல் இல்லாத நடைக்குக் கொண்டுபோய், அவர் மடிமேல் கவிழ்ந்துகொண்டேன். மாதாவைக் கூப்பிட வாய் வரவில்லை. ஜெனியின் பெயர்தான் வந்தது. பிறகு எங்கேயோ மலைக்கு அப்பால் ஒரு அடி. கதவெல்லாம் நடுங்கியது. சூப் கரிந்த வாசனை வந்தது. ஏலி நல்ல கையால் என் தலையை இரண்டு தட்டுத் தட்டினார், நாய்க்குட்டியைத் தட்டுவது போல.

அன்று சாயந்தரம் சவரி வீடியோவில் கூப்பிட்டார், போனை ஜெனி பிடித்திருந்தாள்.

"இன்னா பிலோ, டிவில இன்னான்னாவோ காட்டறான். உன் ஊரா அது?"

"அது எல்லைப் பக்கம். இங்க ஒண்ணும் இல்ல."

"மெய்யா?"

"மாதா மேல ஆணையா ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். மாதா பெயரில் பொய் சத்தியம் செய்தவளைக் குண்டிலிருந்து யார் காப்பாற்றுவார்கள்? அந்த வாரம் முழுவதும் அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அப்படியும் அடுத்த முறை கேட்டபோது அதே சத்தியத்தைச் செய்தேன். அதற்கப்புறம் சைரன் வருவதும் போவதுமாக இருந்தது. சில மாதம் சத்தமே இருக்காது. சில வாரம் சோறு உள்ளே இறங்காது.

ஜெனியோடு பேச்சு குறைந்தது அதே காலத்தில்தான். வீடியோவில் வந்தால் "ம்" என்பாள். "சரி" என்பாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "படிக்கணும்" என்று வைத்துவிடுவாள். எட்டு வருடம் இல்லாத அம்மா மேல் என்ன ஒட்டுதல் இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொள்வேன். அவளாக அனுப்புவது ஒரே ஒரு மெசேஜ்: "சாப்ட்டியா?" அதுவும் கணக்கில்லாத நேரத்தில். ஒரே நாளில் மூன்று தரம் வரும், பிறகு ஒரு வாரம் வராது. ஒரு நாள் நடையிலிருந்து ஏலியை வெளியே இழுத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். போன் சிணுங்கியது. "சாப்ட்டியா?" எனக்கு வந்த கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சாயந்தரம் வரை தொடவில்லை.

4

இந்த வருடம் முதல் தடவையாக ஊருக்கு லீவு கேட்டேன். ஏலியின் மகன் ஒரு மாதத்துக்கு லிசா என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணை ஏற்பாடு செய்தார். ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி உள்ளே வர முத்திரை வாங்க வேண்டும். அது இல்லாமல் போனால் கதவு சாத்திவிடும்.

அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு புருவத்தைச் சுருக்கினாள். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் புலிகாட். பிறப்புச் சான்றிதழில் பழவேற்காடு.

"எதில் பிறந்தாய்?"

"இரண்டும் ஒன்று."

"இரண்டு பெயர் எழுதியிருக்கிறது. எது பொய்?"

பொய் என்ற சொல் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தது. விரலை நீட்டி, "கின்னெரெத்... திபேரியா... கலிலேயா... எது பொய்?" என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பி ஏரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்காமல் முத்திரையைக் குத்தினாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்த முத்திரையை இரண்டு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

5

சென்னை விமான நிலையத்தில் சவரியும் ஜெனியும் நின்றிருந்தார்கள். ஜெனி என்னைவிட உயரமாக இருந்தாள். போனில் உயரம் தெரிவதில்லை. கட்டிப்பிடித்தேன். மரம் மாதிரி நின்றாள்.

வாடகைக் கார் வந்தது. சவரி என் பெட்டியை வலது கையால் மட்டும் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. வலை இழுத்துத் தழும்பேறிய கை, இரண்டு ஆள் கனத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மனிதர். இடது கை சட்டையோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெனி ஓடிவந்து, "நைனா, வுடு, நான் தூக்கறேன்" என்றாள்.

"கைக்கு இன்னா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. சுளுக்கு."

காரில் பக்கத்தில் உட்கார்ந்ததும் தோளைத் தொட்டேன். விரலுக்குக் கீழே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ கெட்டியாக இருந்தது. எத்தனை உடம்பைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறேன்? அது தகடு என்று எனக்குத் தெரியும்.

பொன்னேரி வரை அவர் பேசவில்லை. திருப்பாலைவனம் தாண்டி வயல்கள் முடிகிற இடத்தில்தான் வாய் திறந்தார்.

"பொங்கல் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். முகத்துவாரத்துல மண்ணு ஏறிட்ச்சு பிலோ. வாசல் எங்க இருக்குன்னே தெர்ல. கரைக்கு வந்துகினு இருந்தோம். பின்னாலருந்து அலை தூக்கிச்சு, முன்மூக்கு போய் மண்ணுல குத்திச்சு. அவ்ளோதான். போட்டு கவுந்துட்ச்சு. நான் அடில."

"எவ்வளவு நேரம்?"

"தண்ணிக்குள்ள யாரு நேரம் பாக்கறா?"

"கூட வந்தவங்க?"

"எல்லாம் பொழச்சிட்டாங்க. என் தோளுதான் போட்டுக்கும் மண்ணுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு."

பொங்கல் முடிந்து இத்தனை மாதம். வாரம் தவறாமல் பேசியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் போனை ஜெனிதான் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவர் கழுத்துக்குக் கீழே தெரிந்ததே இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அங்கருந்து இன்னா பண்ணுவ? அழுவ. அந்தக் கெழவரக் கீழ போட்ருவ."

கோபத்தில் கத்த வாய் திறந்தேன். மாதா மேல் செய்த ஆணை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். முன் சீட்டில் ஜெனி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

6

வீட்டுக்கு வந்து நாலு நாள் முகத்துவாரத்தின் பக்கமே போகவில்லை. வாய் மட்டும் இன்னும் அந்த ஊரில் இருந்தது. சவரி ஏதோ கேட்டதற்கு "ரெகா, ரெகா" என்றேன். பொறு என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வோம்.

"ரேகாவா? யாரு அது?" என்றார்.

ஜெனி சிரித்துவிட்டாள். நான் வந்தபின் அவள் சிரித்த முதல் சிரிப்பு.

ஐந்தாம் நாள் தனியாக நடந்து போய்ப் பார்த்தேன். ஏரியும் கடலும் கை கோத்துக்கொள்கிற அந்த வாசலில்தான் நம் பிழைப்பு முழுவதும் இருக்கிறது. ஆரணியாற்று வெள்ளம் கடலுக்குப் போவதும் அதன் வழியாக, இறால் குஞ்சு ஏரிக்குள் வருவதும் அதன் வழியாக. வாசல் அடைத்தால் ஏரி சூடேறி உப்புக் கரித்து மீன் செத்து மிதக்கும். மண்ணைத் தோண்டி வாசலைத் திறந்துவிடுகிறார்கள், கடல் மறுபடி மண்ணைக் கொண்டுவந்து போடுகிறது. நான் போன அன்று நடுவே மணல்திட்டு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்தது. போட் நுழைகிற இடம் ஒரு தெரு அகலம்கூட இல்லை. இந்த இடத்தில் கவிழ்ந்த போட்டுக்கு அடியில் அவர் கிடந்திருக்கிறார், அதே நேரத்தில் நான் ஏலிக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

திரும்பி வரும்போது ஊரை வேறு கண்ணால் பார்த்தேன். இந்த ஒரு தண்ணீரைச் சுற்றி எங்கள் மாதா கோவில், மசூதி, பெருமாள் கோவில், உள்ளே தள்ளி திருப்பாலைவனத்துச் சிவன் கோவில், கடலோரக் குப்பங்களில் அம்மன்கள். டச்சுக்காரன் கல்லறைக்குக் காவலாகக் கல்லில் எலும்புக்கூட்டைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறான். சின்ன வயதில் அந்த வாசலைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன். அந்த ஏரியைச் சுற்றியும் இதே மாதிரிதான், அடிக்கு ஒரு கோவில், அடிக்கு ஒரு கல்லறை. நிம்மதியாக இருந்தவர்கள் இத்தனை கோவில் கட்டியிருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இதைச் சாமியார் அச்சில் விடுவாரோ என்னவோ.

7

ஒரு சாயந்தரம், நாலு மணி இருக்கும். நானும் ஜெனியும் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தோம். சவரி உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். ஜெனியின் போன் ஜன்னலில் சார்ஜில் இருந்தது.

திடீரென்று அது அலறியது. அதே சத்தம். கீழே ஆரம்பித்து மேலே ஏறி இறங்கி ஏறுகிற சத்தம்.

எனக்கு எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. இறால் தட்டு உருண்டது. ஜெனியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கட்டிலில் இருந்தவரை நல்ல தோளைப் பிடித்து எழுப்பித் தள்ளினேன். இரண்டு பேரையும் ஜன்னல் இல்லாத சமையல் மூலையில் உட்காரவைத்து, அவர்கள் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

"பிலோ! இன்னா ஆச்சு, இன்னா இது?" என்று சவரி கத்தினார்.

ஜெனி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கையெல்லாம் இறால் வாடை. "அம்மா, இங்க இல்லம்மா. இங்க ஒண்ணும் இல்ல. அது உன் ஊரு. திபேரியா."

எனக்குப் புரிய நேரமாயிற்று.

"உன் போன்ல எப்படி..."

"அந்த ஊரு சைரன் ஆப்புமா. யாரு வேணாலும் போட்டுக்கலாம். ஊரு பேரு குடுத்தா, அங்க ஊதறப்ப இங்கயும் ஊதும். எப்பவும் சத்தத்த கொறச்சு வெச்சிருப்பேன், இன்னிக்கு மறந்துட்டேன்."

"எப்பலேர்ந்து வெச்சிருக்க?"

"நீ மொத தபா மாதா மேல ஆணைன்னு சொன்னியே, அன்னிலேர்ந்து. நீ பொய் சொன்னா மூக்க தொடுவ."

சவரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றேன். அவர் காரில் எனக்குச் சொன்ன பதிலையே அவளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கால் பண்ணா நீ எடுக்க மாட்ட, அந்தத் தாத்தாவ இழுத்துகினு இருப்ப. இன்னா கேக்கறதுன்னு தெர்ல. சாப்ட்டியான்னு போடுவேன். டிக் நீலமாச்சுன்னா நீ இருக்கறன்னு அர்த்தம். ஒரு நாள் சாயந்தரம் வரைக்கும் நீ பாக்கவே இல்ல. நான் காலேஜ்ல இருந்தேன். பாத்ரூம்ல போயி கதவ சாத்திகினு ஒக்காந்துட்டேன். ரெண்டு பீரியடு."

அன்றைக்குத்தான் நான் கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"கெழவரு எப்டி இருக்காரு, அதப் பாரு மொதல்ல" என்று சவரிதான் நினைவுபடுத்தினார்.

லிசாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. நாற்காலியை நடைக்கு இழுக்கத் தெரியுமா அவளுக்கு? சக்கரத்தின் தடையை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேனா? ஏலி "லெகி" என்று கத்தியிருப்பார். அவள் போயிருந்தால்? சமையல் மூலையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் சிந்திய இறாலைக் காக்காய் கொத்துவது தெரிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெனி என் புடவை முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் வைத்திருந்தாள். இப்படி ஒரு கால் மணி நேரத்தை அவள் எனக்காக எத்தனை தரம் கழித்திருப்பாள் என்று எண்ணப் பார்த்தேன். முடியவில்லை.

பிறகு லிசாவே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. இருவரும் நடையில் இருந்தார்களாம். ஒன்றும் ஆகவில்லை. ஏலி போனைப் பிடுங்கினார்.

"பிலோ, உன் ஏரி எப்படி? ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?"

"இறங்கியிருக்கிறது. வாசல் அடைத்துக்கொண்டிருக்கிறது" என்றேன்.

"எப்போது வருவாய்?" என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

8

சோறு போடும்போது சவரி, "போவாத பிலோ" என்றார். "இத்தினி நாளு நீ பத்திரமா இருக்கறன்னு நெனச்சுகினு தூங்கினேன். இனிமே தூக்கம் வராது."

"நீ கடலுக்குப் போவாம இருப்பியா?" என்று கேட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "நாளைக்குப் போலாம்னு இருந்தேன். தோளு ஆறிட்ச்சுன்னு டாக்டரு சொல்லி ஒரு மாசம் ஆவுது. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு..."

"சொல்லிட்ட இல்ல."

நான் திரும்பிப் போவேன் என்பதும் அவர் கடலுக்குப் போவார் என்பதும் அந்த நேரத்தில் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. ஜெனி மட்டும் சாப்பிடாமல் எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பி வந்து, "இனிமே பொய் சொல்லக் கூடாது. ரெண்டு பேரும்" என்றாள். என்னையும் அவரையும் தட்டு முன்னால் கை நீட்டிச் சத்தியம் செய்யவைத்தாள். மாதா பெயரைச் சொல்லப் போனேன். "வேணாம். என் பேர சொல்லு" என்றாள்.

மறுநாள் விடிந்து, ஏற்றம் வந்து வாசலில் தண்ணீர் உயர்ந்த பிறகு போட் புறப்பட்டது. சவரி பின்பக்கம் எஞ்சினைப் பிடித்திருந்தார், வலது கையால். கூட இரண்டு பேர். நானும் ஜெனியும் முகத்துவாரத்து மணலில் நின்றோம். எட்டு வருடமாக அவர் கடலுக்குப் போகிறார் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான். இப்போது நேரில் நிற்கிறேன். தண்ணீர் கால் விரலைத் தொட்டபோது உடம்பு கூசியது.

போட் வாசலுக்கு உள்ளேயே நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய அலை வந்து திட்டில் உடைந்தது. இன்னொன்று. என்னால் பார்க்க முடியவில்லை. ஜெனியின் தோளில் முகத்தை வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"நீ சொல்லு" என்றேன். "எனக்குச் சொல்லிகினே இரு."

"நிக்குதுமா. இன்னும் நிக்குது" என்றாள் காதோரம். "ஒண்ணு வருது... வுட்டாரு. இன்னொண்ணு வருது, பெருசு... அதயும் வுட்டாரு. இப்ப கொஞ்சம் அடங்குது. திருப்பறாருமா. போறாரு. நைனா, போ... போ... மூக்கு தூக்குது..."

அவள் குரல் நின்றுவிட்டது.

எஞ்சின் சத்தமும் கேட்கவில்லை. அலைச் சத்தம் மட்டும். கேட்கப் பயமாக இருந்தது. கண்ணைத் திறக்க அதைவிடப் பயமாக இருந்தது.

திறந்தேன். வெள்ளை உடைகிற இடத்துக்கு அப்பால், நீலத்தில் போட் சின்னதாக ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஜெனி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போய்ட்டாரு. மூச்சு வுடும்மா" என்றாள்.